சலங்கைச் சந்தின் பேபி விளக்கு

சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற சலங்கைச் சந்துக்கு ஓர் ஆடி மாசம் பூராவும் இருட்டே வராமல் போனதென்றால், அதற்குக் காரணம் கரண்ட் ஆபீசும் இல்லை, சாமி குத்தமும் இல்லை, செங்கமலம் நல்ல மனசோடு சொன்ன ஒரு வாழ்த்துதான்.

செங்கமலம் விளக்கை மரியாதை தெரிந்து நடத்துகிறவள். அவள் வீட்டில் விளக்கைக் குளிர வைப்பார்கள், அமர்த்துவார்கள், மலையேற்றுவார்கள். ஆனால் அணை என்கிற சொல்லை விளக்கின் பக்கத்தில் வைத்து யாரும் பேசக் கூடாது. பூஜை விளக்கைப் பாலில் தொட்ட பூவால் குளிர வைக்கிற அதே பக்குவத்தோடுதான் அவள் டியூப் லைட்டையும் காஸ் அடுப்பையும் நடத்தினாள். "அம்மா, பேனைக் குளிர வெக்கட்டுமா?" என்று மகன் மாதேஷ் சின்ன வயசில் கிண்டல் பண்ணினால், "பேனு நெருப்பில்ல சாமி, அதைச் சும்மா நிறுத்து" என்று அதற்கும் நிதானமாகப் பதில் சொன்னவள். விளக்கில் வீட்டின் உயிர் இருக்கிறது, வாய் தவறி ஒரு வார்த்தை விழுந்தால் அது பிள்ளைகள் மேல் போய் விழும் என்று அவள் நம்பினாள். புருசன் போன பிறகு அவளுக்கென்று இருந்த பிள்ளைகள், போர்வெல் லாரியோடு வடக்கே ஊர் ஊராகப் போய்ப் பூமியைத் துளைக்கிற மாதேஷும், அவன் கட்டிக்கொண்டு வந்த கோகிலவாணியும்தான். வாணியை அவள் ஒருநாளும் மருமகள் என்று வெளியில் சொன்னதில்லை. "எங்க பெரிய புள்ள" என்பாள், மாதேஷை விட வாணி இளையவள் என்றாலும்.

வாணிக்குத் தொழில், கொலுசைப் படம் எடுப்பது. எதிர்வீட்டு ஐயண்ணன் பட்டறையில் மெருகு ஏற்றின கொலுசுகளை வாங்கி வந்து, நடுவீட்டு மேசையில் வெள்ளை அட்டையை வளைத்து நிறுத்தி, மாமனாருடைய பழைய வேட்டியைக் கூடாரம் போலக் கட்டி, அதற்குள் வைத்துச் செல்போனில் எடுத்து அனுப்பினால், கடல் தாண்டி இருக்கிறவர்கள்கூட அந்தப் படத்தைப் பார்த்துக் கொலுசு கேட்டார்கள். ஆனால் வெள்ளி பொல்லாத பொருள். படம் எடுக்க வைத்தால் தன்னைக் காட்டாது, எதிரில் நிற்பதைக் காட்டும். ஒவ்வொரு முத்துக்குள்ளேயும் ஒரு குட்டி வாணி, குட்டி செல்போன், தலைக்கு மேல் குட்டி மின்விசிறி, சுவரில் தொங்குகிற காலண்டர் முருகன் எல்லாம் தெரியும். புதுசாக வாங்கின வெள்ளை லைட்டைப் போட்டால் வெள்ளி அலுமினியப் பாத்திரம் மாதிரி வெளுத்துப்போகும்.

"அத்தை, வெள்ளிக்கு வெயில் மாதிரி ஒரு வெளிச்சம் வேணுங்க. ஆனா வெயில் வேணாம்" என்றாள் வாணி.

அந்த வெளிச்சத்தைத் தேடித்தான் இரண்டு பேரும் காதர் பாயின் பழைய இரும்புக் கடைக்குப் போனார்கள். எப்போதோ மூடிப்போன ஒரு சினிமாக் கம்பெனியின் சாமான்கள் அங்கே குவிந்து கிடந்தன. அந்தக் குவியலுக்குள்ளே, இரும்புத் தலையும், முகத்துக்கு முன்னால் குளத்தில் கல்லெறிந்தது போல வளையம் வளையமாகத் தடித்த கண்ணாடியும், கன்னத்துக்கு இரண்டு பக்கமும் திறந்து மூடுகிற தகரக் கதவுகளுமாக ஒரு விளக்கு குப்புறக் கிடந்தது.

"இது பேபிங்கம்மா" என்றார் பாய். "பெரிய பெரிய லைட்டெல்லாம் இருந்துச்சு, அதுங்களுக்குப் பக்கத்துல இது கொழந்தை. சினிமாக்காரங்க பேபின்னுதான் கூப்பிடுவாங்க. பார்த்துத் தூக்குங்க. பேபிக்குச் சூடு ஜாஸ்தி."

ஆட்டோவில் வரும்போது செங்கமலம் அதைக் கீழே வைக்க மனசில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வேகத்தடையில் ஆட்டோ குதித்தபோதெல்லாம் அதன் கண்ணாடியைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்தில், பேபியைத் துடைத்துத் தாங்கியில் ஏற்றி வாணி சுவிட்சில் கை வைக்கப் போனாள். "இரு கண்ணு" என்று செங்கமலம் மஞ்சளும் குங்குமமும் கொண்டு வந்தாள்.

"அத்தை, லைட்டுக்கெல்லாமா பொட்டு வெப்பீங்க?"

"வெளக்குன்னா வெளக்குதான் கண்ணு. சினிமாக்காரங்க ஊட்டுல இருந்து வந்துச்சுன்னா அதுக்குப் பொட்டு வேணாமா?"

பொட்டு வைத்து, சூடம் காட்டி, வாணி சுவிட்சைப் போட்டதும் தங்கத்தைக் கரைத்து ஊற்றினது மாதிரி வெளிச்சம் வேட்டிக் கூடாரத்தின் மேல் விழுந்தபோது, மாரியாத்தாள் கோயிலில் நிற்பதுபோல் கண் நிறைந்துபோன செங்கமலம் இரண்டு கையையும் கூப்பிச் சொன்னாள்: "என் மக்க உசுரோட இருக்கற மட்டும் நின்னு எரி ஆத்தா."

எந்தத் தாயும் சொல்லக்கூடிய வாழ்த்துதான். பேபி அதைக் கேட்டுக்கொண்டது.

அன்றைக்கு எடுத்த படத்தில் எந்த முத்திலும் வாணி இல்லை, மின்விசிறி இல்லை, முருகன் இல்லை. ஒவ்வொரு முத்திலும் ஒரு வானமும் அந்த வானத்தில் ஒரு நிலாவும்தான் இருந்தன. வாணி சந்தோசத்தில் அத்தையின் தாடையைப் பிடித்து ஆட்டிவிட்டு, சுவிட்சை மேலே தள்ளினாள். விளக்கு எரிந்தது. வயரைப் பிடுங்கினாள். எரிந்தது. செங்கமலம் ஓடிப்போய் மெயினையே நிறுத்தினாள். வீட்டில் மற்ற எல்லாம் நின்றது, பேபி மட்டும் எரிந்தது. கம்பளியைப் போட்டு மூடினார்கள். வெளிச்சம் கம்பளிக்கு வெளியே வந்து நின்றுகொண்டது. கதவைச் சாத்தினார்கள். வெளிச்சம் கதவைத் தாண்டிச் சந்தில் இறங்கி, இந்தக் கோடியில் குழாயடி வரைக்கும் அந்தக் கோடியில் பிள்ளையார் கோயில் வரைக்கும் போய், கோடு கிழித்தது போல அங்கே நின்றது. தாங்கியோடு தூக்கி வெளியே வைக்கப் பார்த்தால், மடியில் உட்கார்ந்து வந்த அதே பேபி மூன்று ஆம்பிளைகள் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை.

கரண்ட் ஆபீசிலிருந்து வந்த லைன்மேன் மீட்டரைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். "இதுல எங்க கரண்ட் ஓடலீங்க. எங்க கரண்டா இருந்தா நான் கேள்வி கேக்கலாம்" என்று சொல்லி, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார்.

சலங்கைச் சந்து அதிசயத்தைப் பார்த்து வாய் பிளக்கிற சந்து இல்லை, வேலை இருக்கிற சந்து. அடுத்த வாரமே எல்லோரும் அதற்கு ஒரு உபயோகம் கண்டுபிடித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு ராஜாமணி செங்கமலத்தின் ஜன்னலுக்கு நேராகச் சந்தில் பாயை விரித்து, ஆடி மேகமூட்டத்துக்குப் பயப்படாமல் வடகம் பிழிந்து காய வைத்தாள். கொலுசுக்குக் கண்ணி கோக்கிற பெண்கள் கண்ணைச் சுருக்காமல் வேலை பார்த்தார்கள். ஐயண்ணன் பட்டறையில் சலங்கைக்குப் பற்ற வைக்கிறவர்கள் வேலையை நிறுத்தாமல் ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்தார்கள். மல்லிகைக் கொடி எப்போது மொட்டு விடுவது எப்போது மலர்வது என்று தெரியாமல் கண்ட நேரத்துக்குப் பூத்துத் தள்ளியது. சேவல்கள் குழம்பிப் போய்க் கூவுவதையே விட்டுவிட்டன. புதுசாகக் கல்யாணமான ஜோடி மட்டும் பொண்ணு வீட்டில் விசேஷம் என்று பொய் சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டது, சந்தே சிரித்தது. தூக்கம் வந்தவர்கள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளையார் கோயிலைத் தாண்டி, அடுத்த தெருவின் இருட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டு வந்தார்கள். "எங்க தெருவுல வந்து குறட்டை விடறீங்களே" என்று அந்தத் தெருக்காரர்கள் சடைத்துக்கொண்டார்கள். யாரோ பேபியின் தாங்கியில் வேப்பிலை கட்டினார்கள், யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள், ஆடி மூன்றாவது வெள்ளிக்குள் அதற்குப் பேபியாத்தா என்று பேரும் ஆகிவிட்டது.

வாணி மட்டும் தூங்கவில்லை.

முதலில் யாரும் அதைக் கவனிக்கவில்லை, வாணியே கவனிக்கவில்லை. வெளிச்சம் இருக்கிறது, படம் எடுக்கலாம் என்று கொலுசு எடுத்தாள், மெட்டி எடுத்தாள், அரைஞாண் எடுத்தாள். அதெல்லாம் தீர்ந்ததும் சீரகம் எடுத்தாள், சீப்பு எடுத்தாள், அத்தையின் மூக்குக்கண்ணாடி எடுத்தாள். பேபியின் வெளிச்சத்தில் வைத்தால் எந்தச் சாமானும் விற்கிற சாமான் மாதிரி, இப்போதுதான் பிறந்தது மாதிரி இருந்தது. செங்கமலம் அவளைக் கையைப் பிடித்து அடுத்த தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய் இருட்டில் படுக்க வைத்தாள். படுத்த வாணி கண்ணை மூடினாள், திறந்தாள்.

"மூடினாலும் எரியுதுங்க அத்தை."

"என்ன கண்ணு எரியுது?"

"பேபிதான். நான் அதைக் கேமரா வழியா நேரா பார்த்துட்டேனில்ல. உள்ள வந்துருச்சு."

ஓமலூரில் இருக்கிற வாணியின் அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கேயும் அவள் கண்ணுக்குள்ளே அது எரிந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை தூங்கிவிட்டது, வாணி தூங்கவில்லை. திரும்பிச் சந்துக்கே வந்து மேசை முன்னால் உட்கார்ந்துவிட்டாள். செங்கமலம் அவளைப் பக்கத்தில் இழுத்து, "வா கண்ணு, உன்னை அணைச்சுப் படுத்துக்கறேன், மாதேசுக்குக் காய்ச்சல் வந்தா இப்படித்தான் தூங்க வெப்பேன்" என்று தட்டித் தட்டிக் கொடுத்தாள். தட்டின கைக்கு வாணியின் முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. வாணியின் நிழல் வேறு நாளுக்கு நாள் வெளிறிக்கொண்டே வந்தது. கழுவக் கழுவச் சாயம் போகிற துணி மாதிரி, சுவரில் அவள் நிழல் இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்கவேண்டி வந்தது.

மாதேஷ் போன் பண்ணினான். பின்னால் லாரி உறுமுகிற சத்தம்.

"அம்மா, வாணி தூங்கினாளா?"

"தூங்குவா சாமி."

"தூங்கினாளான்னு கேட்டேன்."

செங்கமலம் மேசை முன்னால் உட்கார்ந்திருந்த வாணியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, தூங்காம வண்டி ஓட்டினவங்க என்ன ஆனாங்கன்னு நான் ரோட்டுல பார்த்திருக்கேன். எனக்குச் சாமியெல்லாம் தெரியாது. அந்த வெளக்கை அணைச்சுத் தொலைங்க."

"வாயைக் கழுவுடா!" என்று செங்கமலம் கத்தினாள். மகனிடம் அவள் அப்படிக் கத்தினதே இல்லை. போனை வைத்துவிட்டு மாரியாத்தாள் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். என் மக்க உசுரோட இருக்கற மட்டும் நின்னு எரி என்று சொன்னது அவள் வாய். விளக்கு ஒரு வார்த்தை பிசகாமல் நின்றுகொண்டிருக்கிறது. அது நின்று எரிந்தால் பிள்ளை தூக்கமில்லாமல் போய்விடுவாள். அது அணைந்தால், எந்த உயிரின் பேரைச் சொல்லி எரிய வைத்தாளோ அந்த உயிர்களில் ஒன்று அணைந்துபோகும். இந்தக் கணக்கை அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை, வாணியிடம் சொல்ல முடியவே முடியாது. "ஆத்தா, உன்னை வாழ்த்துனதுக்கா இப்படி?" என்று மட்டும் கேட்டாள். படத்தில் ஆத்தா சிரித்தபடி இருந்தாள்.

பேபியின் முன்னால் போய் நின்று, தனக்குத் தெரிந்த நல்ல வார்த்தை எல்லாம் சொல்லிப் பார்த்தாள். "குளிர்ந்துக்கோ தாயி" என்றாள். "அமர்ந்துக்கோ." "மலையேறிக்கோ, போதும் நீ எரிஞ்சது." பாலில் தொட்ட பூவைக் கண்ணாடி மேல் வைத்தாள், பூ வாடவில்லை, பொன்னாக மின்னியது. சினிமாக்காரர்கள் வீட்டில் வளர்ந்த விளக்குக்கு இந்தப் பேச்செல்லாம் புரியவில்லையோ என்னவோ.

விசயம் சந்தில் பரவியது. செங்கமலம் பேபியாத்தாவை மலையேற்றப் பார்க்கிறாள் என்று பிள்ளையார் கோயில் முன்னால் பஞ்சாயத்துக் கூடிவிட்டது. ஐயண்ணன் கெட்டவர் இல்லை. செங்கமலத்தின் புருசன் செத்தபோது பாடையில் முதல் தோள் கொடுத்தவர். ஆனால் ஆடிப் பண்டிகைக்குக் கேட்டிருக்கிற சலங்கை எல்லாம் அந்த வெளிச்சத்தில்தான் தயாராகிக்கொண்டிருந்தது.

"அம்மிணி, வந்த லட்சுமிய யாராச்சும் போன்னு சொல்லுவாங்களா?" என்றார்.

"அண்ணா, எம்புள்ள தூங்கலீங்க."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம், நானே வண்டி வெக்கறேன். வெளக்கை ஒண்ணும் பண்ணாதீங்க."

"ஒரு புள்ள தூங்கலைங்கறதுக்காக சந்தே இருட்டுல கெடக்கோணுமாக்கா?" என்று ராஜாமணி கேட்டாள். கேட்ட பிறகு, தான் சொன்னது தனக்கே கேட்டுவிட்டது போல ராஜாமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஆனாலும் எழுந்து வந்து செங்கமலத்தின் பக்கம் நிற்கவில்லை. யாரும் நிற்கவில்லை. அன்றைக்கிலிருந்து செங்கமலத்தின் வாசலில், சும்மா பேசிக்கொண்டிருக்கிறவர்கள் மாதிரி, எப்போதும் யாராவது உட்கார்ந்திருந்தார்கள்.

ஆடிக் கடைசி வெள்ளி வந்தது. சாயங்காலம் ஆகிவிட்டது என்பது பக்கத்துத் தெருக்களில் விளக்கு வைப்பதைப் பார்த்துத்தான் தெரிந்தது. செங்கமலம் அடுப்படியில் பொங்கலுக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்தாள். நடுவீட்டில் வாணி, வேட்டிக் கூடாரத்துக்குள் ஒரு ஜோடிக் கொலுசை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். படம் எடுக்கும்போது போனிலிருந்து வருகிற 'கிளிக்' சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கேட்கவில்லை. செங்கமலம் கையில் வெல்லத்தோடு எட்டிப் பார்த்தாள்.

வாணி நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் கிடந்தாள். போன் மட்டும் மேசை மேல் கொலுசைப் பார்த்தபடி சாய்ந்து நின்றது. கண் திறந்திருந்தது. அந்தக் கண்கள் இமைக்கவில்லை. அவற்றில் செங்கமலம் தெரியவில்லை, கூரை தெரியவில்லை, இரண்டிலும் வளையம் வளையமாகப் பேபி மட்டும்தான் தெரிந்தது. தரையில், வாணிக்குக் கீழே, நிழலே இல்லை.

"வாணீ!"

செங்கமலத்தின் குரல் கேட்டு வாசலில் இருந்தவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். ராஜாமணி தண்ணீர் தெளித்தாள். தண்ணீர் திறந்த கண்ணிலேயே விழுந்தும் இமை ஆடவில்லை. மூக்கில் விரல் வைத்தவள், "நூல் மாதிரி வருதுக்கா" என்று அழுதாள். ஐயண்ணன் வண்டிக்கு ஆள் அனுப்பிவிட்டுத் திரும்பினபோது, செங்கமலம் எழுந்து பேபிக்கு நேராக நின்றுகொண்டிருந்தாள். அவள் எதற்கு நிற்கிறாள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"அம்மிணி, வேண்டாம். வெள்ளிக்கிழமை. வெளக்கு வெக்கற நேரம். அந்த வார்த்தைய மட்டும் சொல்லிராதீங்க."

"அண்ணா, ஒதுங்கி நில்லுங்க."

"ஊட்டுக்கு ஆகாதும்மா. ரோட்டுல ஒரு பையன் வண்டியோட இருக்கானில்ல? அவனை நெனைங்க."

அவனைத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கண்ணில் மாதேஷும் ஒரு கண்ணில் வாணியும் நிற்க, எந்தக் கண்ணை மூடுவது என்று தெரியாமல் அவள் வாயைத் திறந்தாள். பிறந்ததிலிருந்து எந்த விளக்கைப் பார்த்தும் சொல்லாத சொல், நாக்கின் நுனிக்கு வந்து கல் மாதிரி உட்கார்ந்தது. "அ" என்றாள். "அணை" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு அந்தச் சொல்லின் ருசி தெரிந்தது. புதுச் சொல் இல்லை அது. பழகின சொல். பச்சை உடம்போடு கிடந்தபோது அவளுடைய அம்மா அவளிடம் சொன்ன சொல், "புள்ளையை நல்லா அணைச்சுப் பாலைக் குடு". காய்ச்சலில் அனத்தின மாதேஷிடம் அவள் சொன்ன சொல். போன வாரம்கூட வாணியிடம் சொன்ன சொல். விளக்குக்குச் சொல்லாமல் ஆயுசு பூராவும் சேர்த்து வைத்து, அவள் பிள்ளைகளுக்கு மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்த சொல். எதிரில் பேபி எரிந்துகொண்டிருந்தது. பெரிய விளக்குகளெல்லாம் செத்துப்போன பிறகு இரும்புக் கடையில் குப்புறக் கிடந்த பேபி, ஒரு மனுசி நின்னு எரி என்று சொன்னதற்காக, படுக்கச் சொல்ல ஆளில்லாமல், ஒரு மாசமாகக் கண்ணைக் கொட்டாமல் நின்றுகொண்டிருக்கிற பேபி. அதுவும் தூங்கவில்லை என்பதை இத்தனை நாளில் யாரும் யோசிக்கவில்லை.

"அடி என் சாமி" என்றாள் செங்கமலம். "காலு கடுக்குதா உனக்கு?"

இரண்டு கையையும் விரித்து, அந்தக் கொதிக்கிற இரும்புத் தலையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

ஐயோ என்று எல்லோரும் அலறினார்கள். சேலை கருகுகிற வாசனை வந்தது. ஐயண்ணன் அவளைப் பிடித்து இழுக்கப் போய், கிட்டவே போக முடியாமல் சூட்டில் பின்வாங்கினார். செங்கமலம் விடவில்லை. கன்னத்துக் கதவுகளை ஒவ்வொன்றாக மூடி, தலையைத் தோளில் சாய்த்து, முதுகைத் தட்டி, ம்ம் ம்ம் என்று முனகினாள். அந்த முனகலுக்கு வார்த்தை இல்லை, மெட்டு மட்டும்தான். குழாயடியில் நின்ற வெளிச்சம் முதலில் பின்வாங்கியது. பிள்ளையார் கோயிலிலிருந்து வெளிச்சம் எழுந்து வந்தது. விளையாடப் போன பிள்ளைகள் அம்மா கூப்பிட்டு வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி, வீடு வீடாக, ஜன்னல் ஜன்னலாக, வடகப் பாயைத் தாண்டி, வாசற்படி ஏறி, செங்கமலத்தின் கைகளுக்குள்ளே வந்து ஒடுங்கி, கொஞ்ச நேரம் சிவப்பாக, பிறகு வெந்தயக் கலராக மங்கி, பால் குடித்துக்கொண்டே வாய் தளர்கிற குழந்தை மாதிரி விட்டு விட்டு எரிந்து, ஓய்ந்தது.

இருட்டு வந்தது. ஒரு மாசம் வெளியில் காத்திருந்த இருட்டு, ஒரேயடியாக.

யாருக்கும் யாரும் தெரியவில்லை. செங்கமலம் முழங்காலிட்டுத் தரையில் துழாவினாள். பெருக்குமாறு தட்டுப்பட்டது, நாற்காலிக் கால் தட்டுப்பட்டது, வாணியின் பாதம் தட்டுப்பட்டது. பாதம் ஜில்லென்று இருந்தது. மேலே மேலே தடவிக்கொண்டு போய் முகத்தைத் தொட்டாள்; இமைகள் மூடியிருந்தன. மூடினது எதனால் என்று இருட்டில் அவளுக்குத் தெரியவில்லை. மூக்குக்குக் கீழே விரலை வைத்தாள். விரலிலேயே சூடு இருந்ததால் மூச்சின் சூடு தெரியவில்லை. காதை வைத்தாள். தன் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது.

அப்போது செங்கமலத்தின் போன் அடித்தது. மாதேஷ் கூப்பிட்டால் கேட்கிற பாட்டு. இருட்டில் எங்கிருந்து அடிக்கிறது என்று தெரியாமல் மேசையையும் அடுப்படியையும் அவள் தேடத் தேட அது அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தது. ராஜாமணிதான் அடுப்படித் துணிக்கு அடியிலிருந்து கண்டுபிடித்துக் கையில் கொடுத்தாள். அதைக் காதில் வைக்கிற தைரியம் செங்கமலத்துக்கு உடனே வரவில்லை.

"அம்மா" என்றது போன். மாதேஷின் குரல்தான். வேறு யாரோ தகவல் சொல்கிற குரல் இல்லை, அவன் குரல். "அம்மா, என்னமோ தெரியல. திடீர்னு யாரோ என்னைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்ட மாதிரி தூக்கம் கண்ணைச் சுத்துச்சு. அடிச்சுப் புடிச்சு வண்டிய ஓரங்கட்டிட்டேன். இல்லைன்னா பாலத்துல இருந்து கீழதான். அங்க எல்லாரும் நல்லா இருக்கீங்கல்ல?"

"ஓரங்கட்டிட்டியா சாமி?"

"கட்டிட்டேன். தூங்கிட்டு ஓட்டறேன்." பேச்சு பாதியில் குழறி, போனுக்குள்ளேயே அவன் குறட்டை விட ஆரம்பித்தான்.

அந்தக் குறட்டைக்குப் பதில் சொல்வதுபோல, செங்கமலத்தின் காலடியில், தரையில் கிடந்த வாணி இன்னொரு குறட்டை விட்டாள். சாதாரணக் குறட்டை இல்லை. பட்டறையில் துருத்தி ஊதுகிற மாதிரி, ஒரு மாசத்துத் தூக்கத்தை மொத்தமாக அள்ளுகிற குறட்டை. ராஜாமணி முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு அங்கேயே சுவரில் சாய்ந்தாள். ஐயண்ணன் வாசற்படியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடி கொட்டாவி விட்டார். சலங்கைச் சந்தில் பற்ற வைத்துக்கொண்டிருந்தவர்கள் ஊதுகுழலைக் கீழே வைத்தார்கள், வண்டிக்குப் போன ஆள் குழாயடியிலேயே சாய்ந்தான், கண்ணி கோத்துக்கொண்டிருந்தவர்கள் கோத்த கண்ணியோடு சாய்ந்தார்கள், பாதி காய்ந்த வடகம் பாயில் கிடக்க, சந்தே பாய் தேடாமல் விழுந்த இடத்தில் தூங்கியது.

விடிந்தது. மறந்துபோயிருந்த சேவல் ஒன்று கரகரவென்று தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டு கூவியது. பேபி தாங்கியில் தலை சாய்ந்து, கதவை மூடிக்கொண்டு நின்றது. வாணி அன்றைக்குப் பகல் பூராவும் தூங்கி, மத்தியானம் ஒரு தடவை தண்ணீர் குடிக்க எழுந்து, மறுபடி தூங்கி, மறுநாள்தான் முழுசாக முழித்தாள். சுவரில் அவளுடைய நிழல் தடிமனாக, மை போல, அவள் கையைத் தூக்கினால் தானும் தூக்கியது. செங்கமலம் வெண்ணெய் தடவின நெஞ்சோடு அவளுக்கு ரசம் சாதம் பிசைந்து கொடுத்தாள். அந்த நெஞ்சில், தழும்பாக இல்லாமல் பச்சை குத்தினது மாதிரி, குளத்தில் கல்லெறிந்தது போல வளையம் வளையமாக ஒரு தடம்.

சாதம் தின்றபடியே வாணி போனைத் திறந்தாள். விழுகிற நேரத்தில் அவள் கை கடைசியாகப் பட்டு, சத்தமில்லாமல் தானாகவே எடுத்துக்கொண்டே போயிருந்த படங்கள் அதில் இருந்தன. எல்லாம் கருப்பு, ஒன்றே ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் கொலுசு இருந்தது. ஒவ்வொரு முத்துக்குள்ளேயும், வெள்ளியில் தெரியக் கூடாதது தெரிந்தது: குட்டிக் குட்டியாக ஒரு பொம்பளை, தீப்பிடித்த மாதிரி இருந்த ஒரு பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நிற்கிறாள்.

வாணி அந்தப் படத்தை அழிக்கவும் இல்லை, யாருக்கும் அனுப்பவும் இல்லை.

வாசலில் ஐயண்ணன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. உள்ளே வராமல், தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, பேபி நின்ற மூலையைப் பார்க்காமல் கேட்டார்.

"வெளக்கை அணைச்சிட்டீங்களா அம்மிணி?"

செங்கமலம் கையிலிருந்த உருண்டையை வாணியின் வாயில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இல்லீங்கண்ணா. அணைச்சுக்கிட்டேன்."